கேலியும் காயமும்

ஒரே கூரையின் கீழ்க் கணவர் ஒரு கட்சி, மனைவி மறு கட்சி. மைத்துனன் வந்துவிட்டாலோ வீடே இரண்டுபடும். அரசியலோ என்று அஞ்ச வேண்டா, பேஸ்பால் ஆட்டந்தான். அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே அமைந்த கனெக்டிகட் மாநிலத்தில் இத்தகைய குடும்பங்கள் பல உண்டு. ஒருபுறம் பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணி; மறுபுறம் நியூயார்க்கின் யாங்கீஸ் அணி. நடுவில் வாழ்வோர் எப்பக்கம் சாய்வது?

இவ்விரு அணிகளின் அபிமானிகள் ஒருவரையொருவர் கேலி செய்வது நெடுநாள் வழக்கம். பேப் ரூத் என்னும் பெருவீரரை ரெட் சாக்ஸ் யாங்கீசுக்கு விற்றுவிட்ட செய்தி 1920 ஜனவரியில் வெளியாயிற்று. 1918-இல் உலகத் தொடரை வென்றிருந்த பாஸ்டன் அணி, பின்னர் 86 ஆண்டுகள் அவ்வெற்றியைக் காணவில்லை. அவரை விற்ற பாவந்தான் என்றனர் பலர். நியூயார்க்குத் திடலில் பாஸ்டன்காரரைச் சீண்ட வசைமொழி தேவைப்படவில்லை. “1918” என்று கூட்டம் முழங்கினால் போதும். 2004-இல் யாங்கீசிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்ற ரெட் சாக்ஸ், அடுத்த நான்கையும் வென்று, உலகத் தொடரையும் கைப்பற்றியது. கேலி அன்றோடு ஒழிந்ததோ? இல்லை. யாங்கீஸ் பக்கத்தாருக்குத் தம் பட்டங்களின் எண்ணிக்கை கைகொடுத்தது; 2009-இல் அது 27 ஆயிற்று.

எதிரியின் புண் எங்கே இருக்கிறதென இவ்வளவு துல்லியமாக அறிந்தவர் அவருக்கு அந்நியராக இருக்க முடியுமா என்று நாம் எண்ணுவதுண்டு. அண்ணன் தம்பியரன்றோ இவ்வாறு சீண்டிக்கொள்வர்!

எல்லை மீறுவோரும் உளர். 2014 மே 1-இல் ஐஸ் ஹாக்கியில் பாஸ்டன் புரூயின்ஸ் அணியை அதன் பழம் போட்டியாளரான மொன்றியல் கனேடியன்ஸ் வென்றது. வெற்றிக் கோலைப் போட்டவர் பி.கே. சுபான் என்னும் கறுப்பின வீரர். அன்றிரவே சிலர் அவர் நிறத்தைச் சொல்லி இணையத்தில் இழித்துரைத்தனர். அது கேலியன்று. பாஸ்டன் அணியின் தலைவரே அதனைக் கண்டித்தார். சுபானோ, சிலர் செய்த தவற்றை அணியின் மீதும் அதன் இரசிகர் அனைவர் மீதும் சுமத்துவது முறையன்று என்றார். நம் வீடுகளிலும் மருமகளின் ஊரைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு, அவள் தாய்வீட்டின் ஏழ்மையைத் தொடும் கணம் ஒன்று உண்டு. சிரிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது.

இதற்கு ஓராண்டு முன்னர், 2013 ஏப்ரல் 15-இல், பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின் முடிவெல்லையருகே இரு குண்டுகள் வெடித்தன. 3 பேர் மாண்டனர். 260-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கால்களை இழந்தோரும் உண்டு. மறுநாள் நியூயார்க்கில் யாங்கீஸ் திடலில் ஆட்டம். மூன்றாம் இன்னிங்ஸ் முடிந்ததும் ஒலிபெருக்கியில் ‘ஸ்வீட் கரோலைன்’ பாடல் எழுந்தது. பாஸ்டன் திடலில் எட்டாம் இன்னிங்ஸின் நடுவே மக்கள் சேர்ந்து பாடும் பாடல் அது. எதிரியின் சொத்து எனலாம். அன்று நியூயார்க்கு மக்களே அதனைப் பாடினர். இந்தப் பாடலைத்தான் பாட வேண்டும் என்று அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் பாஸ்டனில் ஹாக்கி. அந்நாளில் வழக்கமாக நாட்டுப்பண் பாடிவந்த முதியவர் ரெனே ரான்கோர்ட், முதல் சில அடிகளோடு நிறுத்தி ஒலிவாங்கியைத் தாழ்த்தினார். எஞ்சியதை அரங்கமே பாடி முடித்தது. ஆட்டத்தில் வென்றது எதிரணியான பஃபலோ. எனினும் முடிவில் இரு அணி வீரரும் தளத்தின் நடுவே கூடி, மட்டைகளை உயர்த்தி மக்களுக்கு வணக்கம் செலுத்தினர்.

அவ்வாண்டு அக்டோபரில் ரெட் சாக்ஸ், 1918-க்குப் பின் முதன்முறையாகத் தன் சொந்தத் திடலிலேயே உலகத் தொடரை வென்றது. கனெக்டிகட் வீடுகளில் யாங்கீஸ் பக்கத்தார் மனமுவந்து வாழ்த்தியிருப்பர். மறு மூச்சிலேயே 27 என்ற எண்ணையும் நினைவூட்டியிருப்பர்.