பத்துக் கோடி பிக்ஸல்

சென்ற இதழில் சிறு சேகரங்களை டிஜிட்டல் படமாக்குவது பற்றி நண்பர் எழுதியதைப் படித்தவர்களுக்கு ஒன்று தெளிவாகியிருக்கும்: பத்துக் கோடி பிக்ஸல் காமிரா கைக்கு வரும்வரை ஓலைச்சுவடியைத் தொடுவதே பாவம். ‘தரம்’ என்ற சொல் அக்கட்டுரையில் பதினொரு தடவை வருகிறது. எண்ணிப் பார்த்தேன், எண்ணுவது என் ஜீவனம். தரம் எதனால் உண்டாகிறது என்று ஒரு தடவைகூட வரவில்லை.

எங்கள் ஊர் வாசகசாலை மாடியில் 43 சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. நண்பர் அவற்றைப் பார்த்ததில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கிறேன். ஆகவே கணக்காகவே பேசலாம்.

ஓர் ஏடு 40 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலம். நிகான் டி5600, கானன் 200டி போன்ற சாதாரண காமிராவில் படம் 6000க்கு 4000 பிக்ஸல். முழு ஏட்டையும் நீளவாக்கில் அடக்கினால் அங்குலத்துக்கு 380 பிக்ஸல் கிடைக்கிறது. அகலத்தில் 4000இல் 525தான் ஏட்டின்மேல் விழும். மீதியெல்லாம் கீழே விரித்த கறுப்புத் துணி. இது போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஏட்டை இரு பாதிகளாக, 22 செ.மீ. வீதம், நடுவில் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எடுத்தால் 690ஐத் தாண்டுகிறது. நண்பர் சிபாரிசு செய்யும் ரகம் (11648க்கு 8736) ஒரே சொடுக்கில் தருவது 740. இந்த ஐம்பதுக்கு விலை பல லட்சம். கறுப்புத் துணியை வெகு துல்லியமாகப் படமெடுக்க நண்பர் ஆசைப்படுகிறார்.

ஏட்டில் எழுத்து, மையால் எழுதப்படுவதில்லை, எழுத்தாணியால் கீறப்படுகிறது. மேலே பூசிய கரி போய்விட்டால் மிஞ்சுவது பள்ளம் மட்டுமே. நேர் மேலிருந்து விளக்கடித்தால் எந்தக் காமிராவும் வெற்று ஓலையைத்தான் காட்டும். அதே விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் சாய்த்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து வரி எழுந்து வருகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அந்த விளக்கு, பக்கத்துத் தையற்கடையில் இரவல் வாங்கியது.

எங்களுடையது செகண்ட்ஹாண்டில் வாங்கிய டி5600. அதில் கையால் ஃபோகஸ் செய்யும் பழைய 55 மி.மீ. மைக்ரோ நிக்கார் லென்ஸ். அதை மாட்டினால் காமிரா ஒளியளவைச் சொல்லாது, நாமே வைக்க வேண்டும். எல்லா ஏட்டுக்கும் அளவு ஒன்றே என்பதால் இது குறையல்ல, சௌகரியம். மூடிப்போன ஸ்டுடியோ ஒன்றின் என்லார்ஜர் தண்டுதான் ஸ்டாண்டு. துவாரம் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, சேமிப்பது ரா கோப்பில், ஓரத்தில் ஓர் அளவுகோல், ஒரு சாம்பல் நிற அட்டை. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் 2004 முதல் உலகின் மூலை முடுக்குகளில் நடத்திய வேலையின் அனுபவத்தை வைத்து 2018இல் ‘ரிமோட் காப்ச்சர்’ என்று ஒரு கைநூல் வந்தது. இலவசம்தான். நண்பர் படிக்கலாம்.

இதனால் நான் மறுதரப்பில் சேர்ந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். ‘செல்போனே போதும்’ என்கிற உற்சாகிகளோடும் எனக்கு உறவில்லை. போன் படமெடுப்பதோடு நிற்பதில்லை, அபிப்பிராயமும் சொல்கிறது. மெல்லிய கீறலை இரைச்சல் என்று மெழுகிவிடும். அழுத்தமான ஓரத்தை மேலும் கூர்மையாக்கும். சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் அநேகமாக இல்லை, பூச்சிதான் வைக்கிறது. எது துளை, எது எழுத்து என்று தீர்மானிக்கும் உரிமையைப் போன் கம்பெனிக்கு நான் தரத் தயாரில்லை.

என் ஆபீஸில் காசோலைகள் இப்போது படமாகவே பயணம் செய்கின்றன. சாம்பல் நிறப் படம் அங்குலத்துக்கு 100 புள்ளி, கறுப்பு வெள்ளைப் படம் 200. லட்சக்கணக்கான ரூபாய் இதில் கைமாறுகிறது. ஆனாலும் காகிதக் காசோலையைப் பத்து வருஷம் பத்திரப்படுத்த வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ரூபாய்க்கு இருக்கும் இந்த ஜாக்கிரதை இலக்கியத்துக்கு வேண்டாமா? படமெடுத்து முடித்ததும் கட்டை எடைக்குப் போடலாமா என்று வாசகசாலைக் கமிட்டியில் ஒருவர் கேட்டார். காமிராவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நண்பர் கட்டுரையில் இல்லாத இன்னொன்று பட்டியல். ஒவ்வொரு கட்டுக்கும் முதல் படமாகக் கட்டு எண் எழுதிய சீட்டை எடுக்கிறோம். அதன்பின் ஏட்டெண், தமிழ் இலக்கத்தில், இடது ஓரத்தில். அது இல்லாவிட்டால் கணினியில் இருப்பது குப்பை, நல்ல ஃபோகஸில் உள்ள குப்பை. 43 கட்டுகளில் 17க்கு ஏடுகள் கலைந்திருக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்தத் தெரிந்தவர் எங்கள் ஊரில் ஒருவர்தான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 81. அடுத்த மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். அதற்குள் இரண்டு கட்டுகளையாவது அவர் கையால் அடுக்கிவிட எண்ணம். இந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்.