தச்சுப் பட்டறைக்காரர் முதலாளியா?

வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. உடனே எழும் கேள்விகளில் ஒன்று, கட்டிலை எங்கே வாங்குவது என்பது. தெருமுனைப் பட்டறையில் சொல்லிச் செய்வதா, டவுன் கடையில் தவணைக்கு எடுப்பதா? பட்டறையில் விலை கேட்டால் கடை விலையைவிட ஏறத்தாழ இரண்டு பங்கு சொல்லுகிறார்கள். "நேற்றுவரை நம்மோடு டீ குடித்தவன், பட்டறை வைத்ததும் முதலாளியாகிவிட்டான், அநியாய லாபம் வைக்கிறான்" என்று முணுமுணுத்துக்கொண்டு நம்முடைய தோழர்களே கடைப்பக்கம் போகிறார்கள். இப்படிப் பேசுவதை நாம் சங்கக் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறோம். ஆகவே இந்தக் குற்றச்சாட்டைச் சற்று நிதானமாகப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

முதலில் இந்தப் பட்டறைக்காரர் எங்கிருந்து வந்தார்? விவசாயத் தொழிலாளர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கலப்பை, நுகத்தடி, வண்டிச் சக்கரம், ஏற்றம், நிலைக் கதவு ஆகிய எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரு தச்சர் இருந்தார். அறுவடைக் களத்தில் அளந்து போட்ட நெல்தான் அவருக்குக் கூலி. களத்தில் நெல் குறைந்தால் அவருக்கும் குறைந்தது. பண்ணையார் முகம் சுளித்தால் அதுவும் இல்லை. டிராக்டர் வந்தது, ஏர் போயிற்று. டயர் வண்டியும் லாரியும் வந்தன, மரச் சக்கரம் போயிற்று. இரும்புக் கதவும் பிளாஸ்டிக் கதவும் வந்து நிலைக் கதவையும் தின்றன. மிஞ்சியது கட்டில், மேஜை, நாற்காலி, அலமாரி. உளியையும் இழைப்புளியையும் சாக்கில் கட்டிக்கொண்டு அவர் டவுனுக்கு வந்து, வாடகைக்கு ஒரு தகரக் கொட்டகை பிடித்தார். அவர் மூலதனம் இதுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். விலை ஊருக்கு ஊர் மாறும், மரத்துக்கு மரம் மாறும். ஆகவே இதை உதாரணமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நாட்டு வாகையில் ஒரு இரட்டைக் கட்டிலை 24,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கழிவும் சேர்த்து எட்டுக் கன அடி மரம் வேண்டும். கன அடி 1,200 ரூபாய் என்றால் 9,600. அதன் மேல் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18 வீதம் 1,728. அறுவைக் கூலி, வண்டிச் சத்தம் 1,500. மேலே விரிக்கும் பிளைவுட் 2,500. பசை, திருகாணி, உப்புத்தாள், பாலிஷ் 1,800. ஆக 17,128 ரூபாய் கையை விட்டுப் போய்விட்டது. கூட ஒரு ஆள் ஐந்து நாள், நாளுக்கு 800 வீதம், 4,000 ரூபாய். மொத்தச் செலவு 21,128. மிச்சம் 2,872 ரூபாய்.

பட்டறைக்காரர் இந்தக் கட்டிலுக்கு ஆறு நாள் உழைத்திருக்கிறார். மரம் பார்க்கப் போனது ஒரு நாள், மற்றது வேலை. 2,872-ஐ ஆறால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 478 ரூபாய். அவரிடம் கூலிக்கு நின்றவருக்கு 800, "முதலாளி"க்கு 478! கொட்டகை வாடகை, மின்சாரம், வாங்கிய கடனுக்கு வட்டி ஆகியவற்றை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

அப்படியானால் அவர் ஏன் இன்னும் பட்டறையை மூடவில்லை? அவர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை என்பதுதான் பதில். வந்த முன்பணத்தில் பழைய கடனை அடைக்கிறார். அடுத்த கட்டிலின் முன்பணத்தில் இந்தக் கட்டிலுக்கு மரம் வாங்குகிறார். கையில் பணம் புரண்டுகொண்டிருப்பதால் லாபம் இருப்பதாகத் தோன்றுகிறது. தன் கூலியைச் செலவில் எழுதாத எந்தத் தொழிலும் கொஞ்ச நாள் லாபத்தில் ஓடுவது போலத்தான் தெரியும். பட்டறை வைத்திருக்கும் தோழர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: விலை சொல்லுமுன் முதல் வரியில் உங்கள் நாள்கூலியை எழுதுங்கள். அடுத்த வரியில் கழிவு மரத்தை எழுதுங்கள். பேரம் அதற்கு அப்புறம்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடிக்கைக்காரர்கள் அதிகமாகச் சண்டை போடுவது அதனால்தான். கட்டில் வீட்டுக்கு வந்து ஆறு மாதத்தில் கழுந்து ஆடுகிறது, பலகை வெடிக்கிறது. "ஏமாற்றிவிட்டான்" என்கிறோம். பச்சை மரத்தில் செய்தால் அப்படித்தான் ஆகும். மரம் உலர்ந்தால் சுருங்கும். சுருங்கினால் துளைக்குள் கழுந்து தளரும். காற்றில் உலர்த்துவதானால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. இரண்டு அங்குலக் கட்டில் காலுக்கு இரண்டு வருஷம். இரண்டு வருஷம் மரத்தை அடுக்கி வைத்துக் காத்திருக்க யாரால் முடியும்? பணம் உள்ளவனால் முடியும். பெரிய ஆலையில் சூடேற்றும் அறை இருக்கிறது. சில வாரங்களில் உலர்த்தி எடுத்துவிடுகிறார்கள். நம்முடைய பட்டறைக்காரர் இன்று மரம் வாங்கி நாளை இழைக்க வேண்டியவர். வெளிறு நீக்கிச் சேகு மட்டும் எடுக்கவும் அவருக்குக் கட்டுப்படியாகாது. அவருடைய கைத்திறமையில் குறைவில்லை, காத்திருக்கும் சக்திதான் இல்லை. இதை ஏமாற்று என்று சொல்வது நியாயமல்ல. ஆனால் மரம் பச்சை என்பதை வாடிக்கைக்காரரிடம் மறைப்பதும் நியாயமல்ல.

நல்ல மரமும் அரிதாகி வருகிறது. தேக்குக் கட்டைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதை பர்மா 2014 ஏப்ரல் 1 முதல் நிறுத்தியது. அதற்கு அப்புறம் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டத்தில் வளர்த்த இளந்தேக்கு கப்பலில் வருகிறது. துறைமுகத்தில் மொத்தமாக இறக்குகிறவன் சொல்வதே விலை. அவனுக்கும் பட்டறைக்கும் நடுவில் எத்தனை கை!

சரி, சர்க்கார் என்ன செய்தது? 1967-ல் 47 பொருள்களைச் சிறுதொழில்களுக்கென்றே ஒதுக்கினார்கள். பெரிய கம்பெனிகள் அவற்றில் இறங்கக் கூடாது. அந்தப் பட்டியல் வளர்ந்து எண்ணூறுக்கு மேல் போயிற்று. பிறகு வந்த ஆட்சிகள், இன்ன கட்சி என்ற பேதமில்லாமல், ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தன. கடைசியில் 20 பொருள்கள் மட்டும் மிஞ்சின. தீப்பெட்டி, பட்டாசு, ஊறுகாய், ரொட்டி, ஊதுபத்தி, கண்ணாடி வளையல், பூட்டு ஆகியவற்றோடு மரச் சாமான்களும் அந்த இருபதில் இருந்தன. 2015 ஏப்ரல் 10-ந் தேதி அந்த இருபதையும் நீக்கி உத்தரவு போட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 8-ந் தேதி, சிறு தொழில் செய்வோருக்கு முத்ரா கடன் திட்டத்தைப் பிரதமர் ஆர்ப்பாட்டமாகத் தொடங்கி வைத்திருந்தார். 50,000 ரூபாய் வரை ஒரு வகை, அதற்கு மேல் ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று வேறு வகைகள். புதன்கிழமை கடன் கொடுக்கிறோம் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை கதவைத் திறந்து யானையை உள்ளே விட்டார்கள்! கடன் வாங்கியவர் யாரோடு போட்டி போட்டுக் கடனைக் கட்டுவார் என்று யாரும் கேட்கவில்லை.

யானைக்கு வழி முன்பே போட்டாகிவிட்டது. ஒரே பெயரில் சரக்கு விற்கும் அந்நியக் கடைகளுக்கு 2012 ஜனவரியில் நூற்றுக்கு நூறு முதலீடு அனுமதித்தபோது, முப்பது பங்குச் சரக்கை இந்நாட்டுச் சிறுதொழில்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில், சிறுதொழில்களிடம் வாங்கினால் நல்லது என்ற அளவுக்கு அது இளகிவிட்டது. ஸ்வீடனில் பிறந்த ஐகியா 2018 ஆகஸ்டில் ஐதராபாத்தில் இந்தியாவின் தன் முதல் கடையைத் திறந்தது. தமிழ்நாட்டில் தூத்துக்குடியில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட சர்வதேச மரச்சாமான் பூங்காவுக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெரிய ஆலைகள் வரட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. உலர்த்தும் அறை ஒன்றைத் தாலுகாவுக்குத் தாலுகா கட்ட எவ்வளவு செலவாகும் என்று மட்டும் கேட்கிறோம்.

கடைக் கட்டிலை நாம் பழிக்கவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை வாடகை வீடு மாறுகிற ஆலைத் தொழிலாளிக்குப் பிரித்துப் பூட்டும் லேசான சாமான் சௌகரியம்தான். ஆனால் மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ஒரு தடவை கழற்றிய திருகாணி மறுபடி பிடிக்காது. விலை குறைவு என்பதை எத்தனை வருஷத்துக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

வரியைப் பாருங்கள். வருஷ விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால், உள்ளூரில் மட்டும் விற்கும் பட்டறை சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்யத் தேவையில்லை. சலுகை போலத் தோன்றுகிறது. ஆனால் மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் அவர் கொடுத்த 18 பங்கு வரி அவர் தலையிலேயே நின்றுவிடும். பதிவு செய்த பெரிய கம்பெனி தான் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும். மேலே சொன்ன கணக்கில் அந்த 1,728 ரூபாய் மட்டும் மிஞ்சியிருந்தால் பட்டறைக்காரரின் கூலி 766 ரூபாயாகியிருக்கும்.

இன்னொன்று. 2025 ஏப்ரல் 1 முதல், இரண்டரைக் கோடி வரை முதலீடும் பத்துக் கோடி வரை வியாபாரமும் உள்ள தொழில் "குறுந்தொழில்" என்று வகுக்கப்பட்டது. தகரக் கொட்டகையில் ஒரு கை மெஷினோடு நிற்பவரும், இரண்டு கோடிக்கு யந்திரம் வைத்திருப்பவரும் ஒரே பந்தியில் உட்கார வைக்கப்பட்டுள்ளனர். எவர் இலைக்குப் பரிமாறுவார்கள் என்று சொல்ல வேண்டுமா?

தச்சர் உள்ளிட்ட 18 தொழில்களுக்கு என்று 2023 செப்டம்பர் 17-ல் மத்திய சர்க்கார் விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. கருவி வாங்க 15,000 ரூபாய், ஐந்து சத வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் கடன். கடன் கசக்குமா? ஆனால் குடும்ப வழியாக அந்தத் தொழிலைச் செய்து வருபவராக இருக்க வேண்டும் என்றார்கள். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்து, மக்கள் எதிர்ப்பில் 1954-ல் கைவிடப்பட்ட குலக்கல்வித் திட்டத்தைக் கண்ட நாடு இது. தமிழ்நாட்டு சர்க்கார் அந்த வடிவில் ஏற்க முடியாது என்று 2024-ல் கூறி, சாதி நிபந்தனையின்றி 25 தொழில்களுக்கு வேறொரு திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. அதில் 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று வைத்தது, தகப்பன் தொழில் என்று பையனை அதிலேயே பிடித்து வைக்கக் கூடாது என்பதற்காக. இந்த நிலை சரியானது என்றே நாம் கருதுகிறோம். இன்று பட்டறைகளில் உளி பிடிக்கும் கைகளில் விவசாயத் தொழிலாளியின் மகன் கையும் இருக்கிறது. மூடிய பஞ்சாலையிலிருந்து வந்தவர் கையும் இருக்கிறது. தச்சு வேலை எந்தச் சாதிக்கும் சீதனமல்ல, எந்தச் சாதிக்கும் விலங்குமல்ல.

பட்டறைக்காரருக்காக இவ்வளவு பேசிய நாம், அவரிடம் கூலிக்கு நிற்பவருக்காகவும் பேச வேண்டும். வட்டவாளுக்கு மூடி இல்லை. வேகம் குறைகிறது என்று கழற்றி மூலையில் போட்டிருக்கிறார்கள். விரல் போன பிறகு ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுப்பதோடு கணக்குத் தீர்ந்துவிடுகிறது. 1948-ம் வருஷச் சட்டப்படி மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் தொழிற்சாலை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அதை இருபதாக்கிவிட்டது. மூன்று பேர் வேலை செய்யும் பட்டறையை எந்த இன்ஸ்பெக்டரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. மரத்தூளும் லேசான விஷயமல்ல. அது மனிதருக்கு மூக்கில் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1995-லேயே அறிவித்தது. மூடி போடவும், மூக்கில் துணி கட்டவும், தூளை அன்றாடம் வாரவும் சர்க்கார் கடன் தேவையில்லை. நாளைக் காலையிலேயே செய்யலாம். கஷ்டத்தில் இருக்கிறோம் என்பது ஆள்கூலியைப் பிடித்து வைப்பதற்கும் சாக்காகாது.

தனியாக நின்றால் இந்தத் தொழிலுக்கு வழி கிடையாது என்பது நமது அபிப்பிராயம். வனத்துறை மர ஏலத்தில் ஒரு பட்டறைக்காரரால் ஒரு குவியலை எடுக்க முடியாது. இருபது பேர் சேர்ந்தால் முடியும். அறுவை மெஷினும் உலர்த்தும் அறையும் இருபது பேருக்குப் பொதுவாக இருக்கலாம். ஊராட்சிப் பள்ளிகளுக்கு வாங்கும் பெஞ்சையும் மேஜையையும் தச்சர் கூட்டுறவுச் சங்கத்திடம்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட எந்தச் சர்க்காராலும் முடியும். இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

கைக்கு எட்டுவதாக ஒன்றும் சொல்லுகிறோம். சரக்கை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் பணம் தராத கடைக்காரர்களைப் பற்றித்தான் பட்டறைக்காரர்கள் அதிகம் புலம்புகிறார்கள். 2006-ம் வருஷச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி உண்டு. இதைக் கேட்கச் சரக்குக் கொடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு செய்திருக்க வேண்டும், கடைக்காரரின் கையெழுத்தோடு சீட்டு வைத்திருக்க வேண்டும். ஆதார் எண்ணோடு பான் எண்ணும் வேண்டும், அந்தப் பதிவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. ஐந்நூறு, ஆயிரம் என்று கேட்கிற தரகர்களிடம் கொடுக்காதீர்கள்.