ஜீப்பின் உயரத்தைக் கூட்டலாமா?

வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி வாய்க்கால் மேட்டில் ஏறுகிறது. புதுக்கோட்டைச் சீமை விவசாயி அப்போது என்ன செய்வார்? வண்டியை விட்டு இறங்கி விடுவார். மாட்டின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடத்திச் செல்வார். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் போதும், வண்டி குடை சாய்ந்துவிடும். பாரம் கனமாக இருப்பதனால் அல்ல, உயரமாக இருப்பதனால்!

இந்த விஷயம் பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களுக்கும் தெரியும். ஆனால் லட்சக்கணக்கில் பணம் கொடுத்து ஜீப் வாங்குகிற சில வாலிபர்களுக்குத் தெரியவில்லை.

நான்கு சக்கரங்களும் உந்தித் தள்ளும் ஜீப்புகளுக்கு இப்போது மோகம் அதிகம். தார், ஜிம்னி, கூர்க்கா என்று பல பெயர்கள். வாங்கிய மறு வாரமே வண்டி பட்டறைக்குப் போகிறது. கம்பெனி வைத்த சுருள்வில்லைக் கழற்றுகிறார்கள். அதைவிட நீளமான வில்லையும் ஷாக் அப்சார்பரையும் மாட்டுகிறார்கள். பழைய ஜீப்பாக இருந்தால், கமான் பட்டைக்குக் கட்டை கொடுக்கிறார்கள். வண்டி 2 அங்குலமோ 4 அங்குலமோ உயர்ந்துவிடுகிறது. அதற்கேற்பப் பெரிய டயர் போடுகிறார்கள். தெருவில் நின்றால் பார்வையாகத்தான் இருக்கிறது!

ஓடும்போதுதான் சங்கடம். வண்டி உயர்ந்தால் அதன் கனமும் மேலே போகிறது. வளைவில் வேகமாகத் திரும்பினால் ஒரு பக்கம் சாய்கிறது. உயரத்தைக் கூட்டியவர்கள் பிரேக் குழாயின் நீளத்தைக் கூட்டுவதில்லை. அது இழுபட்டு நிற்கிறது. எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு கோணலாகச் சுழல்கிறது. முன்விளக்கு தரையைப் பார்ப்பதற்குப் பதில், எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் கண்ணைப் பார்க்கிறது. மோதல் நேர்ந்தால் ஜீப்பின் பம்பர் சின்னக் காரின் பம்பரில் இடிக்காது. அதற்கும் மேலே, ஆட்கள் உட்காரும் இடத்தில் இடிக்கும்.

இன்னொன்று தாய்மார்கள் கவனிக்க வேண்டியது. வண்டியின் மூக்கு உயர உயர, அதற்கு முன்னால் நிற்கும் சிறு குழந்தை ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது.

உயரமான பொருள் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதைப் புதுக்கோட்டை மக்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். 2022-ம் ஆண்டு ஜூலை 31-ந்தேதி திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோவில் தேர் கவிழ்ந்தது. பக்தர்கள் பலர் காயம் அடைந்தனர். ஒரு மூதாட்டி பின்னர் இறந்துபோனார். தேருக்கும் ஜீப்புக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் சாயும் பொருளைப் பிடித்து நிறுத்த ஒரு நொடிகூடக் கிடைக்காது என்பது இரண்டுக்கும் பொது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைத் தடுக்கிறது. தயாரித்த கம்பெனி குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2000-ம் ஆண்டில் இந்தப் பிரிவை இன்னும் இறுக்கினார்கள். கேரள ஐகோர்ட்டு ஒரு வழக்கில் கொஞ்சம் தளர்த்திப் பொருள் சொன்னது. சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. 2019-ம் ஆண்டு ஜனவரி 9-ந்தேதி நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள்: கம்பெனி கொடுத்த மூல அமைப்பை மாற்றக் கூடாது!

அதே ஆண்டு தண்டனையும் வந்தது. சட்டத்துக்கு மாறாக வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வில் ஒன்று, டயர் ஒன்று, பம்பர் ஒன்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"வண்டி என் காசில் வாங்கியது. அதை நான் என்ன செய்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். வண்டி உங்களுடையதுதான். ரோடு எல்லோருடையதும் ஆயிற்றே!

"கண்மாய்க் கரையிலும் செம்மண் தடத்திலும் போக உயரம் வேண்டாமா?" என்று இன்னொரு கேள்வி. இதில் நியாயம் உண்டு. ஆனால் தார் ஜீப்பின் அடிப்பாகம் கம்பெனியிலிருந்து வரும்போதே தரைக்கு மேல் 226 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 9 அங்குலம் உயரத்தில் இருக்கிறது. நம் ஊர்த் தடத்துக்கு அது தாராளம். உயரம் கூட்டிய ஜீப்புகளில் பலவும் தார் ரோட்டை விட்டு இறங்குவதே இல்லை என்பது வேறு கதை.

அமெரிக்காவிலும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே வாகனத்தின் முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு, பின்பக்கம் தாழ்ந்திருக்க ஓட்டும் மோகம் பரவியது. வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான்! பின்பக்கத்தைவிட முன்பக்கம் 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது என்று வட கரோலினா மாநிலம் தடை போட்டது. 2021-ம் ஆண்டு டிசம்பர் முதல் அது அமலில் இருக்கிறது.

ஜெர்மனியின் வழி வேறு. அங்கே வில்லை மாற்றலாம். ஆனால் அங்கீகாரம் பெற்ற நிபுணர் வண்டியைச் சோதித்துச் சான்று தரவேண்டும். நம் நாட்டில் காஸ் கருவி பொருத்த இப்படி ஒரு வழி இருக்கிறது. ஊனமுற்றவர்களுக்காக வண்டியை மாற்றவும் இடம் இருக்கிறது. வில்லுக்கு மட்டும் எளிய வழி கிடையாது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் மோட்டார்களைச் சோதிக்கும் பெரிய ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கே சோதித்துத் தேறிய வில்லை, தேர்ந்த பட்டறை பொருத்தினால் பதிவுப் புத்தகத்தில் ஏற்றலாம் என்று விதி செய்தால் என்ன? மலைத்தோட்டங்களிலும் காட்டுப் பகுதிகளிலும் உண்மையாகவே உயரம் தேவைப்படுகிறவர்கள் திருட்டுத்தனம் செய்ய வேண்டியிராது. மத்திய அரசாங்கம் இதை யோசிக்க வேண்டும்.

பட்டறைக்காரர்களையும் விட்டுவிடக் கூடாது. ரோட்டில் பையனை நிறுத்தி அபராதம் போடுவது சுலபம். பணம் வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்தவர் நிழலில் உட்கார்ந்திருக்கிறார். விதிக்கு மாறாக வண்டியை மாற்றித்தரும் வியாபாரிக்கு ஓராண்டு வரை ஜெயில், அல்லது வண்டி ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. மோட்டார் பழுது பார்ப்பவரையும் "வியாபாரி" என்றே சட்டம் கருதுகிறது. அதிகாரிகள் இந்தப் பக்கமும் பார்க்கலாம்.

பழைய ஜீப் வாங்குகிறவர்கள் பதிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அளவு எழுதியிருக்கும். கம்பெனி சொன்ன அளவுதானா என்று கேளுங்கள். வில் மாற்றியிருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சொல்லாவிட்டால், வண்டி சேதமாகும்போது நஷ்ட ஈடு கிடைக்காமல் போகலாம். ஏற்கெனவே உயரம் கூட்டியவர்கள், கழற்றிய பழைய வில்லைப் பட்டறையில் தேடி எடுத்து மறுபடி மாட்டச் சொல்லலாம். முன்விளக்கின் கோணத்தையும் அப்போதே சரி செய்துகொள்ள வேண்டும்.