வாசலுக்கு பேவர் பிளாக்: சதுர அடிக்குக் கீழே என்ன இருக்கிறது?

சேலம், நாமக்கல் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் வாசலைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். பெயின்ட், இரும்பு கேட், கிரகப்பிரவேசச் சாப்பாடு எல்லாம் முடிந்து கைக்காசு தீரும் நேரத்தில், "கேட்டிலிருந்து போர்டிகோ வரைக்கும் பேவர் பிளாக் போட்டுடலாமுங்க" என்று யாராவது ஆரம்பித்து வைப்பார்கள். முன்பு மண் வாசல். சாணி தெளித்துக் கோலம் போட்டால் முடிந்தது. இப்போது கார் ஏற வேண்டும், மழைக்குச் சேறாகக் கூடாது, பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும். (பிளாக் இடுக்குகளில் கோலப்பொடி இறங்கிவிடுகிறது என்று வீட்டுப் பெண்கள் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை. அது தனிக்கதை!)

பிறகு பேரம். "சதுர அடி என்ன ரேட்டுங்க?" என்று மூன்று பேரிடம் கேட்டு, குறைவாகச் சொன்னவரிடம் வேலையை ஒப்படைத்து, பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கொடுத்துவிடுவார்கள். எழுத்து எதுவும் கிடையாது. எழுதித் தரச் சொன்னால், "நம்ம மேல நம்பிக்கை இல்லைங்களா?" என்று ஒரு கேள்வி வரும். கேட்டவர்தான் வெட்கப்பட்டுப் பின்வாங்குவார். அடுத்த ஐப்பசி மழைக்கு கார் சக்கரம் ஓடும் இடம் இரண்டு கோடாக அமுங்கி, நடுவில் தண்ணீர் தேங்கும்போது, அந்த நம்பிக்கையை எந்த கோர்ட்டில் காட்டுவது?

உண்மையில், சதுர அடி ரேட்டை மட்டும் கேட்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. அந்த ரேட் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பை அளக்கிறது. வாசல் நிற்பதும் அமுங்குவதும் கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பகுதியைப் பொறுத்தது. மேல்மண்ணை வெட்டி எடுத்து, கிராவல் அல்லது ஜல்லிக்கலவை கொட்டி, தண்ணீர் விட்டு, இயந்திரத்தால் நன்றாக இடித்து இறுக்க வேண்டும். அதன் மேல் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக மணல் அல்லது எம்-சாண்ட் பரப்பி, அதற்கு மேல்தான் பிளாக். சுற்றிலும் பிளாக்குகள் நகராமல் இருக்க கான்கிரீட் பார்டர். பிளாக்குக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2006-ல் ஐஎஸ் 15658 என்று ஒரு தரம் வெளியிட்டது. லேசான வாகனங்கள் ஓடும் இடத்துக்கு அதில் சொன்ன கனம் 60 மில்லிமீட்டர், கிரேடு எம்-35. ஆனால் 80 மில்லிமீட்டர் பிளாக்கே போட்டாலும், அடியில் நேற்று கொட்டிய தளர்ந்த மண் இருந்தால் அது அமுங்கத்தான் செய்யும். கரிசல் மண் உள்ள இடங்களில் கேட்கவே வேண்டாம். மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்குகிற மண் அது.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் தேவையில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். வாசல் 600 சதுர அடி, அடித்தளம் 6 அங்குலம், அதாவது அரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆக 3 யூனிட். இடித்தால் அமுங்கும் என்பதால் அதற்கு மேலேயே வேண்டும். டிப்பர் லாரியில் வந்து இறங்கியது ஒரே யூனிட் என்றால், அடித்தளம் 2 அங்குலம்தான்! லோடு எண்ணத் தெரிந்தால் வேலையின் தரம் பாதி தெரிந்துவிடும். லாரிக்கும் லோடுக்கும் பேர்போன நாமக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். வாங்குபவருக்கு நல்ல சரக்கையும் மோசமான சரக்கையும் பிரித்தறியத் தெரியாவிட்டால், சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல சரக்கு கட்டுப்படியாகாது. நல்ல வியாபாரி விலகிக்கொள்வார், மோசமானவர் மிஞ்சுவார். வாசல் வேலையிலும் இதுவே நடக்கிறது. 6 அங்குலம் வெட்டி இடிக்கிற மேஸ்திரி, சும்மா மண்ணை நிரவி பிளாக் அடுக்குகிறவரின் ரேட்டுக்கு எப்படி இறங்கி வருவார்?

அதற்காக எல்லாப் பழியையும் மேஸ்திரி தலையில் கட்டுவதும் நியாயமில்லை. பிளாக், மணல், கிராவல் எல்லாவற்றுக்கும் முன்பணம் போட வேண்டும், ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் தர வேண்டும். வேலை முடிந்தபின் "அங்கே ஒரு கல் எழும்பி நிக்குது" என்று கடைசித் தொகையை இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. வாய்ப்பேச்சில் இரண்டு பேருக்குமே பாதுகாப்பு இல்லை. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும், ஆனால் என்ன பேசினோம் என்று நிரூபிப்பதுதான் பாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் தரலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. அங்கேயும் முதலில் கேட்பது "ரசீது இருக்கா?" என்பதுதான். ஒரு பக்கத் தாள் போதும்: எத்தனை அங்குலம் வெட்டுவது, எத்தனை யூனிட் கிராவல், பிளாக் கனம், பார்டர், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம். இரண்டு கையெழுத்து.

எழுதினால் மட்டும் போதாது, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். 2022 ஜூனில் வேலூரில் ஸ்மார்ட் சிட்டி வேலையில், தெருவில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தாமலே சக்கரத்தைச் சுற்றி கான்கிரீட் போட்டுவிட்டுப் போனதை நாடே பார்த்துச் சிரித்தது. டெண்டர், ஒப்பந்தம், அதிகாரிகள் எல்லாம் இருந்த வேலை அது!

இன்னொன்று, வாட்டம். 10 அடிக்கு சுமார் 2 அங்குலமாவது சரிவு வேண்டும், அதுவும் வீட்டை நோக்கி இல்லாமல். தெரு மட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு வீடுகள் பள்ளமாகின்றன என்பதால்தான், 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். 600 சதுர அடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 2,800 லிட்டர் தண்ணீர். புல் முளைக்கிறது என்று இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றி அடைத்துவிட்டால் கொஞ்சநஞ்சம் இறங்குவதும் நின்றுவிடும். ரிக் வண்டிகளை இந்தியா முழுக்க அனுப்பும் திருச்செங்கோடு பக்கத்திலேயே இப்படி நடக்கிறது. 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், பல வீடுகளில் தொட்டியும் இருக்கிறது. வாட்டம் மட்டும் தெருச் சாக்கடையைப் பார்த்து இருக்கிறது.

அரசு வேலைகளில் பில்லில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, குறிப்பிட்ட காலம் கழித்துத் தருவது வழக்கம். வீட்டு வேலைக்கும் பத்தில் ஒரு பங்கை முதல் பெருமழை வரை நிறுத்தி வைக்கலாம், முன்னாடியே தாளில் எழுதியிருந்தால். "மழை எப்பங்க வர்றது?" என்று மேஸ்திரி கேட்பார். நியாயமான கேள்விதான். அப்படியென்றால் ஒரு தேதி போட்டுக்கொள்ளலாம். அதற்குள் மழை வராவிட்டால் டேங்கர் தண்ணீரை வாசலில் திறந்து விட்டு, காரை நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும்.