சரக்கு தேங்கினால் பணம் தேங்கும்



2025ஆம் ஆண்டு முடிந்தது. லாப நட்டக் கணக்கோடு, அது கற்றுத் தந்ததையும் குறித்து வைப்பது நல்லது.

நீதிமன்ற உத்தரவுப்படி ஏப்ரல் 1 முதல் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்களே நீலகிரிக்கு வரலாம் என்றானது. மறுநாள் கடையடைத்தோம். நம் எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் சீசனை மட்டும் நம்பிச் சரக்கு அடுக்கிய கடைதான் அதிகம் கலங்கியது. தோட்டத் தொழிலாளியும் சிறு தேயிலை விவசாயியும் ஆண்டு முழுவதும் படியேறும் கடை அந்த அளவுக்கு ஆடவில்லை.

அடுத்தது ஜி.எஸ்.டி. செப்டம்பர் 3 அன்று அறிவிப்பு, 22 முதல் அமல். சோப்பு, பற்பசை, பிஸ்கட் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. மக்களுக்கு நல்லதே. சாதாரணப் பதிவில் உள்ளவர் கொள்முதலில் கட்டிய வரியை வரவு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு கடைக்காரருக்கு அந்த வழி இல்லை. பழைய சரக்கின் சுமை அவர் தலையில்தான்.

மொத்த வியாபாரியான நானே சொல்கிறேன்: பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசம் என்பதற்காக வாங்காதீர்கள். பதினைந்து நாளில் விற்பதை மட்டும் வாங்குங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் லாரி ஏறாது. அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு மட்டும் கூடுதல் கையிருப்பு தேவை.

வரி மாறும்போதெல்லாம் காம்போசிஷன் வணிகரின் பழைய இருப்புக்கு நிவாரணம் வேண்டும் என்று சங்கம் அரசிடம் வலியுறுத்த வேண்டும். சிறு கடை நின்றால்தான் மொத்தக் கடையும் நிற்கும்.