கிதாபும் கடற்கரைத் தமிழும்

பிறமொழிச் சொற்களை ஏற்பதனால் ஒரு மொழி தன் இயல்பை இழந்துவிடுவதில்லை. ஆப்பிரிக்காவின் கீழைக் கடற்கரையில் வழங்கும் சுவாஹிலி இதற்கு நல்லதொரு சான்று. கரைகள் எனப் பொருள்படும் ‘ஸவாஹில்’ என்னும் அரபுச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. கடல் வணிகத் தொடர்பால் அரபுச் சொற்கள் அதில் மிகுதியாகக் கலந்தன. எனினும் அது அரபியின் கிளையன்று. பாண்டு மொழிக் குடும்பத்தது. நூலைக் குறிக்கும் ‘கிதாபு’ அங்கே பன்மையில் ‘விதாபு’ ஆகிறது. ஒருமைக்குக் ‘கி’, பன்மைக்கு ‘வி’ என முன்னொட்டுப் பெறுவது பாண்டு இலக்கணம். விருந்தாக வந்த சொல் வீட்டு முறைக்கு அடங்கிற்று!

நம் புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்துக் கோட்டைப்பட்டினத்திலும் மீமிசலிலும் அதே சொல் ‘கிதாபுகள்’ எனத் தமிழ் விகுதி பெறுகிறது. முன்னோர் இதனினும் ஒருபடி மேற்சென்று, தமிழையே அரபு எழுத்தில் எழுதினர். அதுவே அரபுத்தமிழ். அரபியின் 28 எழுத்துகளில் ‘ட’வும் ‘ப’வும் ‘ழ’வும் இல்லை, ஆகவே இருக்கும் எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்தனர். 1898இல் மறைந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் இவ்வெழுத்தில் பெருநூல்கள் யாத்தார். பள்ளிக்கூட வாயிலை மிதியாத பெண்மணிகள் பலர், குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தமிழ் நூல்களைப் படித்தனர். அவர்களை எழுதப்படிக்கத் தெரியாதவர் என்று கணக்கிட்டது நம் அறியாமையேயாகும்.

சுவாஹிலியும் நெடுங்காலம் அரபு எழுத்திலேயே எழுதப்பட்டது. பின்னர் உரோமன் எழுத்துக்கு மாறிய போதும், 1728ஆம் ஆண்டுப் படியாகக் கிடைத்த ‘தம்புகா’ காவியம் போன்றவற்றை அறிஞர் பெயர்த்தெழுதிக் காத்தனர். 2021இல் யுனெஸ்கோ சூலை 7ஆம் நாளை உலகச் சுவாஹிலி நாளாக அறிவித்தது. எழுத்து மாறியும் இலக்கியம் மாளவில்லை.

இங்கோ நிலைமை வேறு. அரபெழுத்தில் இருப்பதனாலேயே வேதத்தாள் என மயங்கி, பழம் ஏடுகளை மரியாதையோடு மண்ணில் புதைத்துவிடும் வழக்கத்தை நாம் காண்கிறோம். புதைவது மறையன்று, தமிழ் என்பதை அறிவாரில்லை. அரபி அறிந்தோர் இவற்றைத் தமிழென்று ஒதுக்க, தமிழ் அறிந்தோர் அரபியென்று ஒதுக்குகின்றனர்.

இரண்டும் ஒரு கூரையின்கீழ்ப் பயிலப்படும் நம் கல்லூரிகளே இக்குறையைக் களையத்தக்கவை. ஆண்டுதோறும் பத்து மாணவர்க்கேனும் இவ்வெழுத்தைப் பயிற்றுதல் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், வீட்டுப் பரணில் உறங்கும் ஏடுகளைக் கேட்டுப்பெற்றுப் படியெடுத்து வருதல் வேண்டும். தனிக் குடும்பத்தின் உழைப்பால் எழுந்த புதுக்கோட்டை ஞானாலயா நூலகம் நம் கண்முன்னே நிற்கையில், ஒரு தமிழ்த்துறைக்கு இஃது அரிதாகுமோ?

வாசிக்கத் தெரிந்த மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்கள்முன் சென்றமர்வோம். பாட்டியின் கிதாபைத் தமிழ் நூலென்று அறிந்து திறப்போமாக!