நட்டக் கணக்கில் விடுபட்டவை

பி.இ. மெக்கானிக்கல் படிப்பது நட்டக் கணக்கு, பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலத்துப் பிள்ளைகள் பீங்கான் டிப்ளமோவோடு நிற்கட்டும் என்று எழுதுகிறார் நண்பர் ஒருவர். முதல் மாதச் சம்பளத்தைக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தெரியும். ஆனால் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றா? அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேரும் மாணவருக்கு, 2021 முதல் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. இதை அவர் ஏன் சொல்லவில்லை? டிப்ளமோ முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டத்தில் ஓராண்டுச் செலவு மிச்சம். அந்தப் பட்டம் பீங்கான் தொழிலுக்கும் உதவும்: பட்டறையில் மூலப்பொருள் அரைக்கும் பால் மில், அச்சில் அழுத்தும் பிரஸ், சூளையின் பர்னர் எல்லாவற்றுக்கும் இயந்திரவியல் தெரிந்த ஆள் வேண்டும். உண்மையான சுமை வேறு: தனியார் கல்லூரிக்காக வட்டிக்கு வாங்கும் கடனும், நான்காண்டு இழக்கும் வருமானமும். அதை எதிர்த்து நண்பர் எழுதட்டும், உடன் நிற்கிறேன். பெற்றோரே, நிர்வாக ஒதுக்கீட்டுக்காக நிலத்தை விற்காதீர்கள். முதலில் கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள்.